காய்க்காத மாமரத்தில் ஆண்டவரைத் தேடுவது எப்படி?

கேள்வி – காவேரிப்பட்டணத்திலிருந்து

இயேசுவுக்கே புகழ். எங்களுக்கு இரண்டு ஏக்கர் மாந்தோப்பு, பாதி அல்போன்சா, மீதி பெங்களூரா. போன வருஷம் தை மாதம் அல்போன்சாவில் பூவுக்கு நடுவே இலையைத் தேட வேண்டியிருந்தது, இந்த வருஷம் கொப்புக்குக் கொப்பு வெறும் இலைதான். தவக்காலத்துக்கென்று ஒரு தியானப் புத்தகம் வாங்கினேன். உறைபனி உருகுவதும் வசந்தத்தில் புல் முளைப்பதும்தான் அதில் உயிர்ப்புக்கு அடையாளம். நல்ல எழுத்துதான், ஆனால் ஈஸ்டர் சமயத்தில் நம் ஊரில் கிணறு அடிமட்டத்துக்குப் போய், மண் வெடித்து, செருப்பில்லாமல் கால் வைக்க முடியாத வெயில். சாயங்காலம் தோப்பில் நின்று செபிக்கிறேன், மனதில் ஒன்றும் ஓடவில்லை. நம் மண்ணில், நம் பருவத்தில் நீங்கள் எப்படி அவரைக் காண்கிறீர்கள்?

பதில் – பாலக்கோடு

அண்ணா, பக்கத்தில் புங்க மரம் இருந்தால் போய்ப் பாருங்கள். சாம்பல் புதன் அன்று எங்கள் வாசலில் அதன் சருகைக் கூடை கூடையாக அள்ளினேன். இப்போது பங்குனி, ஒரு சொட்டு மழை இல்லை, அது தளதளவென்று துளிர்த்து நிற்கிறது. மழையில் எல்லா மரமும் துளிர்க்கும், இது கடும் வெயிலில் துளிர்க்கிறது பாருங்கள், எனக்கு உயிர்ப்பு என்றால் அதுதான். பெரிய வெள்ளியன்று சிலுவைப் பாதை முடிந்து, நாக்கு வறண்டு வந்து அந்த நிழலில் உட்கார்ந்தபோது அழுகையே வந்துவிட்டது.

பதில் – போச்சம்பள்ளி

தம்பி, முதலில் விவசாயம். பெங்களூராவும் நீலமும் வருஷா வருஷம் காய்க்கும், அல்போன்சா ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தான். போன வருஷம் அள்ளிக் கொடுத்த மரம் இப்போது தன்னைத் தேற்றிக்கொள்கிறது, அதில் ஆண்டவர் கோபத்தையோ உங்கள் பாவத்தையோ தேடாதீர்கள். அப்புறம் லூக்கா 13-இல் அத்திமர உவமையைப் படியுங்கள். மூன்று வருஷம் காய்க்காத மரத்தை வெட்டச் சொல்கிறார் உரிமையாளர், தோட்டக்காரர் இந்த ஒரு வருஷம் விடுங்கள், சுற்றிக் கொத்தி எரு போடுகிறேன் என்கிறார். நாம் ஆடி மழைக்கு மரத்தைச் சுற்றிக் கொத்தி, பெரிய மரத்துக்கு 50 கிலோ தொழு உரம் வைக்கிறோமே, அதே வேலை. மறுவருஷம் அந்த மரம் காய்த்ததா என்று இயேசு சொல்லவே இல்லை, கவனித்தீர்களா? முப்பது வருஷமாகத் தோப்பு வைத்திருக்கிறேன், எனக்கு அந்த உவமையில் பிடித்த இடமே அதுதான். மண்வெட்டியோடு நிற்கிறவர் பக்கத்தில் நானும் நின்றால் போதும் என்று தோன்றும்.

கேட்டவர்

ரொம்ப நன்றி அண்ணா, தங்கச்சிக்கும் நன்றி. எங்கள் கிணற்று மேட்டிலேயே ஒரு புங்க மரம் இருக்கிறது, துளிர்விட்டிருப்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன். அண்ணா, தொழு உரம் அவ்வளவு கிடைக்காது, ஆட்டுப் புழுக்கை கலந்து வைக்கலாமா?