ஜீப் முன்வீல் பேரிங்: டைட் வைக்கத் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கமுங்க. சத்தியமங்கலம் பக்கம் தோட்டத்து வேலைக்கு ஓடுற பழைய போர் வீல் டிரைவ் ஜீப்புங்க. வேகம் எடுத்தா முன்னாடி இடது வீல்ல 'ஊம்'னு இரைச்சல் வருது. திம்பத்துல 27 கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்குற வண்டி, அப்படியே ஓட்டப் பயமா இருக்குதுங்க.

ஜாக்கி வெச்சு வீலை மேலயும் கீழயும் புடிச்சா ஆட்டம் தெரியுது. ஹப்பைக் கழட்டினா கிரீஸ் பாலாட்டம் வெளுத்திருக்கு. பள்ளத்துத் தண்ணி ஆயில் சீல் வழியா போயிருக்கோணும். ரோலர்ல நீலம் பாஞ்சிருக்கு, அதனால சீலு, ரெண்டு டேப்பர் பேரிங் எல்லாமே கப்போட (பேரிங்கோட வெளி வளையம்) மாத்தறோம். பழைய கப்புல புது பேரிங் போட்டா நிக்காதுங்க.

கேக்கறது டைட் விசயந்தானுங்க. வீலைச் சுத்திக்கிட்டே உள் நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, லாக் வாசர் போட்டு வெளி நட்டை இறுக்கோணும், அது தெரியும். எவ்வளவு தளர்த்தறதுங்க? வெளி நட்டு இறுகறப்ப பேரிங் மறுபடி டைட் ஆயிருதே, அதுக்கு என்ன பண்றீங்க? கோபி, ஈரோடு பக்கம் ஸ்பிரிங் தராசுல ஹப் சுத்தற இழுவையைப் பாத்து டைட் செட் பண்ற மெக்கானிக் அண்ணன் யாராச்சும் இருக்காங்களா? அந்த ஹப் நட்டுக்கு பாக்ஸ் ஸ்பேனர் இரவல் கிடைச்சாலும் பெரிய உதவிங்க. உளி வெச்சுத் தட்டினா நட்டு முனை போயிரும், அதைச் செய்யவே கூடாதுங்க.