கலைச்சொல்: ‘அதிவேக’ வேண்டாம், ‘மீக்குறுங்கால’ என்போம்

வணக்கம் எல்லோருக்கும்.

நாம் பிள்ளைகளுக்காக எழுதும் கட்டுரையில் வரும் ultrafast electron microscope என்ற கருவிக்கு ‘அதிவேக இலத்திரன் நுணுக்குக்காட்டி’ என்றே வைத்துவிடலாம், வாசிக்கிறவருக்கு உடனே விளங்கும் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்தச் சொல் ஒருமுறை பிள்ளைகளின் கையில் போய்விட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு.

அதிவேகம் என்றால் எது வேகம்? ரஸ்காவும் நொல்லும் 1931இல் பேர்லினில் செய்த முதற்கருவி தொடங்கி எல்லா இலத்திரன் நுணுக்குக்காட்டியிலும் இலத்திரன் வேகமாகத்தான் ஓடுகிறது. இன்று சாதாரணமாகப் பாவிக்கும் 200 கிலோவோல்ற்றுக் கருவியில் அது ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ 70 சதவீதம். கட்டுரையின் வரைவை இங்கே கொழும்பு வெள்ளவத்தையில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் ஒரு பிள்ளையிடம் வாசிக்கக் கொடுத்தேன். “சேர், அப்ப மற்ற நுணுக்குக்காட்டியில இலத்திரன் மெதுவாவா போகுது?” என்றுதான் முதலில் கேட்டது. நியாயமான கேள்வி. நம்முடைய பாடநூலில் வேகம் என்பதற்குத் திட்டமான ஒரு பொருள் இருக்கிறது, அதைப் படித்த பிள்ளை அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். ‘மீவேக’ என்று மாற்றினாலும் இதே சிக்கல்தான்.

இந்தக் கருவியில் புதிதாக இருப்பது வேகம் இல்லை, காலத்தின் குறுமை. வழமையான கருவியில் இலத்திரன்கள் தொடர்ந்து பாய்ந்துகொண்டிருக்கும், கமரா மில்லி செக்கன் கணக்கில் படம் எடுக்கும். அந்த இடைவெளிக்குள் ஒரு பளிங்கின் அணுக்கள் எத்தனையோ கோடி தரம் அதிர்ந்து முடிந்திருக்கும், நமக்குக் கிடைப்பது எல்லாவற்றினதும் சராசரி. 1999இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்ற அகமட் செவைல், அமெரிக்காவின் கல்ரெக் (Caltech) பல்கலைக்கழகத்தில் தன் குழுவோடு இதை வேறு வழியில் பிடித்தார். ஒரு லேசர்த் துடிப்பு மாதிரியில் விழுந்து அதை அருட்டும், அதாவது சக்தி கொடுத்துக் கிளறிவிடும். இன்னொரு துடிப்பு, இலத்திரனை வெளிவிடும் முனையான கதோட்டில் விழுந்து ஒரு சிறு இலத்திரன் பொதியைக் கிளப்பும், அந்தப் பொதிதான் படம் எடுக்கும். பொதி எவ்வளவு குறுகியதோ அவ்வளவு குறுகிய கணத்தைப் பிரித்தறியலாம். ஆகவே கமராவின் வேகத்துக்கு இங்கே வேலையே இல்லை. சுழலும் மின்விசிறியில் சரியான இடைவெளி விட்டு ஒளியை மினுக்கினால் இறக்கைகள் நின்ற மாதிரித் தெரியும் அல்லவா, அதே தத்துவம்தான்.

அதனால் என் பரிந்துரை: மீக்குறுங்கால இலத்திரன் நுணுக்குக்காட்டி. நீளம்தான். ஆனால் சொல்லை உடைத்துப் பார்த்தாலே கருவி என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். செவைல் வைத்த ‘நாற்பரிமாண’ என்ற பெயரும் பிழையில்லை, வெளியின் மூன்று பரிமாணத்தோடு காலத்தையும் சேர்த்துச் சொன்னார், அதை மாற்றுப் பெயராக ஒரு இடத்தில் குறிப்பிட்டால் போதும்.

அடுத்தது பிரிவலு (resolution). தமிழ்நாட்டு நண்பர் ‘காலப் பகுதிறன்’ என்று எழுதியிருந்தார், அங்கே அது பழகிய சொல், அங்கே எழுதும்போது அதுவே சரி. இங்கே இலங்கையில் power என்பதற்கு வலு என்போம், திறன் என்றால் இன்னொன்று. நுணுக்குக்காட்டிப் பாடத்தில் உருப்பெருக்கத்தோடு பிரிவலுவும் படித்த பிள்ளைக்கு ‘காலப் பிரிவலு’ என்றால் விளக்கமே தேவைப்படாது. அருகருகே இருக்கும் இரண்டு புள்ளிகளைப் பிரித்துக் காட்டுவது இடப் பிரிவலு, அடுத்தடுத்து நடக்கும் இரண்டு நிகழ்வுகளைப் பிரித்துக் காட்டுவது காலப் பிரிவலு. சோடியாக நிற்கின்றன.

இரண்டு துடிப்புகளுக்கும் இடைப்பட்ட நேரத்துக்கு நான் ‘சுணக்கம்’ என்று போட்டதை ஒருவர் பேச்சு வழக்கு என்று மறுத்திருந்தார். ஏன் கூடாது? ‘தாமதம்’ என்றால் எங்கோ பிழை நடந்துவிட்ட தொனி வருகிறது. இங்கே சுணக்கத்தை நாமே வேண்டுமென்று உண்டாக்குகிறோம், அதுவும் மிக நுட்பமாக: ஒரு துடிப்பின் பாதையில் இருக்கும் ஆடியை 0.15 மில்லிமீற்றர் பின்னுக்குத் தள்ளினால், ஒளி போய்த் திரும்ப 0.3 மில்லிமீற்றர் கூடுதலாக ஓட வேண்டும், அது ஒரு பிக்கோ செக்கன் (செக்கனில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு), அதாவது 1000 பெம்டோ செக்கன் சுணக்கம். ஆடியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு இடத்திலும் படம் எடுத்து அடுக்கினால் அசைபடம் கிடைத்துவிடுகிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும், காலத்தை அளவுகோலால் அளக்கிறார்கள்! ‘சுணக்கப் பாதை’ என்று படத்தில் பெயரிட்டால் எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள்.

ஒரு துடிப்பால் அருட்டி இன்னொன்றால் பார்க்கும் இந்த முறைக்கு (pump-probe) ‘தூண்டி நோக்கல்’ என்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுவோம். தூண்டல் என்றால் இங்கே மின்காந்தத் தூண்டல்தான் நினைவுக்கு வரும். ‘அருட்டிய நிலை’ இரசாயனவியலில் ஏற்கனவே இருக்கிறதே, ‘அருட்டி நோக்கல்’ என்றால் போதும்.

கட்டுரையில் ஒரு பந்தி குறைகிறது, அதையும் சேர்க்க வேண்டும். பொதிக்குள் இலத்திரன்களை நிறையத் திணித்தால் அவை ஒன்றையொன்று தள்ளிப் பொதி நீண்டுவிடும், காலப் பிரிவலு கெட்டுப்போகும். அதனால் பொதிக்கு ஓரிரண்டு இலத்திரன் மட்டும் விட்டு, அதே நிகழ்வை இலட்சக்கணக்கான தடவை திருப்பி நடத்திப் படத்தைச் சேர்க்கிறார்கள். மாதிரி ஒவ்வொரு தடவையும் பழைய நிலைக்கு வர வேண்டும். வனேடியம் ஈரொட்சைட்டு இதற்குச் சரிவரும், 68 பாகை செல்சியஸ் அளவில் உலோகமாக மாறிக் குளிர்ந்ததும் மீளும், செவைல் குழு அதைத்தான் ஆரம்பத்தில் எடுத்துப் பார்த்தது. உருகிப்போவது, கிழிவது மாதிரி மீளாத மாற்றத்தை ஒரே பெரிய பொதியால் ஒரே தடவையில் எடுக்க வேண்டும், அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வுகூடத்தில் செய்தது அது, ஆனால் பிரிவலு நனோ செக்கன் (1000 பிக்கோ செக்கன்) அளவுக்கு மோசமாகிவிடும். இரண்டுக்கும் ‘மீள்நிகழ் முறை’, ‘ஒருதடவை முறை’ என்று வைக்கலாமா?

2024இல் அரிசோனாப் பல்கலைக்கழகத்தில் 625 அட்டோ செக்கன் (ஒரு பெம்டோ செக்கனிலும் குறைவு) வரைக்கும் போய்விட்டார்கள். அதற்கும் மீக்குறுங்கால என்பதே பொருந்தும், முன்னொட்டு மாற மாற நாம் புதுச்சொல் தேடத் தேவையில்லை.

செக்கனா நொடியா என்ற கேள்விக்கு, இங்கே அச்சாகும் பிரதியில் செக்கன் என்றே விடுகிறேன். தமிழ்நாட்டுப் பிரதியில் நண்பர் நொடி என்று மாற்றிக்கொள்ளட்டும். ‘ஒருதடவை முறை’க்கு இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் எழுதுங்கள், படங்களுக்குப் பெயரிட்டு அனுப்ப வேண்டும்.