உமலோடு சந்தைக்குப் போகிற ஒழுங்கை

உப்புவெளியிலிருந்து:

மூன்று வருசத்துக்கு முந்தி வரை சந்தையில் மீன் வாங்கினால் எனக்குச் சொப்பிங் பைதான். ஒன்று ஒழுகும் என்று இரண்டாகப் போட்டுத் தருவார்கள். திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போகிற வழியில், கோட்டைக்குள்ளே மான்கள் பொலித்தீனைச் சப்பிக்கொண்டு நிற்பதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். வயிறு பதறும். அடுத்த நாளும் அதே இரண்டு பை.

எங்கட ஒழுங்கை முடக்கில் ஒரு மாமி இருக்கிறா. எப்போதும் பனையோலையில் இழைத்த பையான உமலோடுதான் சந்தைக்கு வருவா. யாருக்கும் ஒரு சொல் புத்தி சொன்னதில்லை. ஒருநாள் சூடை வாங்கும்போது மீன்காரர் என்னிடம், "பிள்ளை, உங்கட ஒழுங்கை ஆக்கள் எல்லாம் உமலோட வாறாங்க, நீங்க கொண்டு வரல்லையா?" என்றார். எல்லாம் என்றது மாமியையும் இன்னும் இரண்டு வீட்டையும்தான். ஆனாலும் சுருக்கென்றது. அந்தப் பைகளோடு ஒழுங்கைக்குள் நுழையவே கூச்சமாக இருந்தது. அடுத்த கிழமை நானும் உமல் வாங்கினேன். இப்போது பதினொரு வீட்டில் எட்டு வீடு உமல், இல்லாவிட்டால் வாளி. மானுக்காக மாறாத நான், மூன்று வீட்டுக்காக மாறினேன். அதை நினைக்கத்தான் மனம் இன்னும் உறுத்துகிறது.

நிலாவெளியிலிருந்து:

அக்கா, நான் ஹோட்டலில் அறை துப்புரவு வேலை. எங்களுக்கு வெள்ளைக்காரர் வருகிற காலமும் மழையில்லாத காலமும் ஒன்று. கிணறு உவர்க்கத் தொடங்கும், துவாய் மலைபோலக் குவியும். 'சூழலைக் காப்போம்' என்று வைத்த அட்டையை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. எங்கட மேலாளர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். அமெரிக்காவில் கோல்ட்ஸ்டைன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் மூவரும் செய்து 2008இல் வெளிவந்தது. சூழலைக் காக்கச் சொன்ன அட்டைக்கு 100க்கு 37 பேர் அளவில் துவாயைத் திரும்பப் பாவித்தார்களாம். 'இந்த அறையில் தங்கினவர்களில் கூடுதலானோர் திரும்பப் பாவித்தார்கள்' என்று எழுதினதும் அது 49 ஆனதாம். முகமே தெரியாத ஆட்கள், ஒரே அறை என்கிற சொந்தம் மட்டும்! நாங்களும் எழுதலாம் என்றுதான் இருக்கிறோம். பொய் எழுதக் கூடாது என்று இப்போது அறை அறையாக எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

டவுனிலிருந்து:

மற்ற ஆட்களைப் பார்த்துச் செய்கிற இந்தப் பழக்கம் மற்றப் பக்கமும் வெட்டும், அக்கா. டச்பே கடற்கரையைக் காலையில் நாங்கள் பொடியன்கள் கூட்டி முடித்தால் மத்தியானம் வரை ஒரு கடதாசி விழாது. யாரோ ஒருவர் ஒரு ரெஜிபோம் பெட்டியை விட்டுப் போவார். பின்னேரம் பார்த்தால் அதைச் சுற்றி ஒரு குவியல். போடுகிறவர்கள் கெட்ட ஆட்களில்லை; அங்கேதான் போடுகிறது என்று நினைக்கிறார்கள். அதனால் இப்போது முறை வைத்து, அந்த முதல் பெட்டியை எடுக்க ஓராள் நிற்கிறோம்.

உப்புவெளியிலிருந்து:

தம்பி, வாற ஞாயிறு எனக்கும் ஒரு முறை போடுங்கோ. மாமியையும் கூட்டிக்கொண்டு வாறன்.