எக்ஸ்பி மெஷினுக்கு எந்த சி கம்பைலர்?

வணக்கம். பர்மாவுல மோல்மீன்ல எங்க கோயில் அர்ச்சனைச் சீட்டு புரோகிராமை மாத்தணும். சி மொழியில எழுதினது, சோர்ஸ் கோடு இருக்கு. பென்டியம் 4, 512 எம்பி ரேம், விண்டோஸ் எக்ஸ்பி எஸ்பி3, 32 பிட். எப்சன் எல்எக்ஸ்-300 பிரிண்டர் பேரலல் போர்ட்டுல ஓடுது. என் லேப்டாப்புல அந்தப் போர்ட்டே இல்ல.

மூணு வாரமா பாக்குறேன். லேப்டாப்புல புது விஷுவல் ஸ்டுடியோவுல 32 பிட்டாவே பில்ட் பண்ணி பென்டிரைவ்ல கொண்டுபோனா, "சரியான வின்32 அப்ளிகேஷன் அல்ல"ன்னு பெட்டி வந்து நிக்குது. பைத்தான் 3.4-க்கு மேல எக்ஸ்பியில ஏறாது. வேற மொழியில திருப்பி எழுத மனசும் இல்ல: எழுதின பெரியவர் காலமாயிட்டார், அவர் கணக்கு ஒரு கியாட் பிசகினதில்ல.

பங்குனி உத்திரத்துக்குள்ள முடிக்கணும். எக்ஸ்பியிலேயே நிறுவி, எல்பிடி1-க்கு (அந்தப் பேரலல் போர்ட்டுக்கு) நேரா எழுதுற கோடை மாத்தாம கம்பைல் பண்ண ஓபன் வாட்காம் 1.9 போடலாமா, விஷுவல் சி++ 2010 எக்ஸ்பிரஸா?