புதுப்பிப்பு: மகளின் கணைய அழற்சி, மரபணு முடிவு வந்துவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: 9 வயது மகளுக்கு இரண்டு வருடத்தில் மூன்று முறை கணைய அழற்சி. வழக்கமான காரணங்கள் எதுவும் தெரியவில்லை: பித்தக்கல் இல்லை, ரத்தத்தில் கால்சியம், டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு எல்லாம் சரி. மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்று. தைரியம் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

செய்தோம். ஸ்பிங்க்1 மரபணுவில் என்34எஸ் என்ற மாற்றம் இருக்கிறது. பெங்களூரில் நாங்கள் பார்க்கும் டாக்டர் பொறுமையாக விளக்கினார். டிரிப்சின் என்ற செரிமான நொதி சிறுகுடலுக்குப் போன பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். கணையத்துக்குள்ளேயே தொடங்கிவிட்டால் அதைப் பிடித்து நிறுத்தும் பிரேக்தான் ஸ்பிங்க்1. பிரேக் சரியில்லை என்றால் கணையம் தன்னையே செரிக்கப் பார்க்கும். டிரிப்சினை உருவாக்கும் பி.ஆர்.எஸ்.எஸ்.1 மரபணுவில் 1996இல் கண்டறியப்பட்ட மாற்றம் வேறு வகை. அது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே நோய் வரக்கூடும். என்34எஸ் அப்படியில்லை, ஆரோக்கியமாக இருப்பவர்களிடமும் உண்டு. ஆகவே இது மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாதாம். கணைய அழற்சியோடு தொடர்புள்ள இன்னொரு மரபணுவான சி.எஃப்.டி.ஆரில் குறை எதுவும் தெரியவில்லை.

ஊரிலிருந்து அத்தை போன் செய்து, "நான் கொடுத்த முறுக்காலயா?" என்று அழுதார். இல்லை அத்தை, நிச்சயமாக இல்லை.

அடுத்து, கணையம் போதிய அளவு செரிமான நொதி சுரக்கிறதா என்று பார்க்க, மலத்தில் எலாஸ்டேஸ் என்ற நொதிக்கான பரிசோதனை. எடையையும் கவனிக்கச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சிகரெட் புகையே கூடாது என்றார் டாக்டர். அவள் அப்பா அன்றே விட்டுவிட்டார்.