டெல்டாவின் நிலத்தடி நீர் யார் கணக்கில்?

கடைமடை உழவர், தலைஞாயிறு:
காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, கர்நாடகம் தமிழகத்துக்கு ஆண்டுதோறும் விட வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் 2007இல் சொல்லியிருந்த 192 டி.எம்.சி.யை (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது. குறைந்த 14.75இல் 4.75 பெங்களூரின் குடிநீருக்காக என்றார்கள். மீதி 10க்குச் சொல்லப்பட்ட காரணம், தமிழகப் படுகையின் நிலத்தடியில் 20 டி.எம்.சி. நீர் இருக்கிறது, அதில் பாதியையேனும் கணக்கில் கொள்ளலாம் என்பது. அந்த 20, கடலை ஒட்டிய எங்கள் கடைமடைப் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. இங்கே போர்வெல் போட்டால் பெரும்பாலும் உவர் நீர்தான் ஏறுகிறது; அதை நாற்றங்காலுக்குப் பாய்ச்சினால் நுனி கருகிவிடும். நாங்கள் குடிப்பதே கொள்ளிடம் ஆற்றிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் தண்ணீர். இல்லாத நீரைக் காட்டி இருக்கும் நீரைக் குறைத்தது அநியாயம் என்பதே என் கருத்து.

பம்புசெட் விவசாயி, திருவையாறு:
ஐயா, தங்கள் ஊரின் நிலையை டெல்டா முழுமைக்கும் பொருத்தலாகாது. 2024இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12இல் திறக்கப்படாமல் ஜூலை 28இல்தான் திறக்கப்பட்டது. அவ்வாண்டு எங்கள் பக்கத்தில் குறுவை நெல் நட்டவர்கள் ஃபில்டர் பாயிண்ட் என்னும் ஆழமில்லாத குழாய்க் கிணற்றையும் போர்வெல்லையும் நம்பியே நட்டார்கள். ஆகவே நிலத்தடியில் நீர் இருக்கிறது என்பதை மறுக்க முடியாது. மேட்டூர் வறண்ட ஆண்டுகளில் இந்தப் பகுதியைக் காப்பாற்றியதே அந்த நீர்தான். அதையும் கைவிடச் சொல்கிறீர்களா?

ஓய்வுபெற்ற நிலத்தடி நீர்ப் பொறியாளர், கும்பகோணம்:
இருவர் சொல்வதும் அவரவர் ஊரளவில் உண்மை. ஆனால் 'இருக்கிறதா, இல்லையா' என்று கேட்பதைவிட 'எங்கிருந்து வருகிறது' என்று கேட்பதே முறை. திருவையாறு வட்டாரத்து வண்டல் மணலில் நிற்கும் நீரின் பெரும்பகுதி, ஆறும் வாய்க்காலும் வயலும் கசிய விட்ட நீரே. மழையின் பங்கு தனி. அப்படிப் பார்த்தால், ஆற்றில் விடும் நீரைக் குறைத்துவிட்டு, அதே ஆறு நிரப்பும் நிலத்தடி நீரை மாற்றாகக் காட்டுவது, ஒரே நீரை இரண்டு முறை எண்ணுவதாகும். நிலத்தடி நீர்ப் பயன்பாட்டை ஆற்று நீர்ப் பயன்பாடாகக் கொள்ளக் கூடாது என்று நடுவர் மன்றத்தின் இறுதித் தீர்ப்பே சொல்லியிருந்தது.

தரம் அதைவிடக் கவலைக்குரியது. கடலோரத்தில் நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நின்றால், அது கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை உப்பு நீரைத் தள்ளி வைக்கும். மேலே அரை மீட்டர் இறங்கினால் கீழே 20 மீட்டர் உப்பு ஏறும். திருவையாறு போன்ற மேல்மடையில் மோட்டார் ஓடுவதால் கிழக்கு நோக்கி நகரும் நீர் குறைகிறது. கொள்ளிடத்தில் மணல் அள்ளியதால் ஆற்றுப் படுகை தாழ்ந்து, கோடையில் முகத்துவாரம் வழியாகக் கடல் நீர் உள்ளே வருகிறது. விவசாய இணைப்புகளுக்கு மின்சாரம் இலவசம், மீட்டரும் பெரும்பாலும் இல்லை. எவ்வளவு இறைக்கிறோம் என்று நம்மிடமே அளவு இல்லாதபோது, நீதிமன்றத்தில் எந்த எண்ணை வைத்து மறுப்பது?

பம்புசெட் விவசாயி, திருவையாறு:
பழி சுற்றிச் சுற்றி மோட்டார் மீதே விழுகிறது. கொள்ளிடத்துக் கிணறுகளிலிருந்து வெளி மாவட்டங்களுக்கும் குடிநீர் போகிறதே, அது எந்தக் கணக்கு? நிலத்தை உவராக்கும் கடலோரத்து இறால் குட்டைகளை அகற்ற 1996இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும், 2005இல் தனிச் சட்டம் வந்து அத்தொழிலுக்கு வழி திறந்ததும் தாங்கள் அறியாததா? நிலத்தடி நீருக்கென்று 2003இல் கொண்டுவந்த மாநிலச் சட்டத்தை அரசே 2013இல் நீக்கிவிட்டது. அரசுக்கே இல்லாத அக்கறையை உழவனிடம் மட்டும் எதிர்பார்க்கிறீர்கள்.

கடைமடை உழவர், தலைஞாயிறு:
இறால் குட்டைகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. குட்டை நீர் வடிந்த வாய்க்காலை ஒட்டிய வயல் என்ன ஆகும் என்பதைத் தங்களைவிட நாங்கள் அருகிலிருந்து பார்க்கிறோம். ஆனால் குட்டைகளே இல்லாத ஊர்களிலும் கிணறு உவர்த்திருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான்: ஆற்றில் தண்ணீர் ஓடும் மாதங்களில் மேல்மடையில் மோட்டாரை நிறுத்தி வைக்கலாமே. வாய்க்காலில் முறை வைத்து நீர் விடுவதை ஏற்கும் நாம், போர்வெல்லுக்கும் ஒரு முறை வைத்தால் என்ன?

பம்புசெட் விவசாயி, திருவையாறு:
ஆற்றில் தண்ணீர் ஓடும்போது மோட்டார் போட எங்களுக்கும் ஆசையில்லை. வாய்க்கால் தூர்ந்து வயலுக்கு ஏறாததால்தான் போடுகிறோம். தூர்வாரி, மதகைச் சரிசெய்து, முறைப்படி நீர் வரட்டும், நிறுத்தச் சம்மதம். மீட்டருக்கு மட்டும் ஒப்ப மாட்டேன். இன்று அளவுக்கு என்று வைப்பார்கள், நாளை கட்டணத்துக்கு என்பார்கள்.

ஓய்வுபெற்ற நிலத்தடி நீர்ப் பொறியாளர், கும்பகோணம்:
மீட்டர் வேண்டாம் என்றால், கிராமத்துக்கு ஒரு நோக்குக் கிணறாவது ஏற்பீர்களா? மாதம் ஒரு முறை நீர்மட்டமும் உப்பின் அளவும் குறித்து ஊராட்சிப் பலகையில் எழுதினால் போதும்; அதில் கட்டணத்துக்கு இடமே இல்லை.

பம்புசெட் விவசாயி, திருவையாறு:
அதற்குத் தடையில்லை. ஆனால் எழுதுவது ஊர்க்காரராக இருக்க வேண்டும்.