லைப்சிக்கைத் தேடினேன், லிப்ஸ்கோ போய்விட்டது

ஊர்சுற்றி:
போன வாரம் பிராக் பேருந்து நிலையத்தில் நடந்த கூத்து. லைப்சிக் போக வேண்டும். பலகையை நாலு தடவை படித்தும் அந்தப் பெயர் இல்லை. 'லிப்ஸ்கோ' என்று ஒன்று இருந்தது. ஏதோ செக் கிராமம் என்று விட்டுவிட்டேன். வண்டி போன பிறகு பக்கத்தில் இருந்த பாட்டி என் டிக்கெட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ரெண்டும் ஒரே ஊராம்! ஜெர்மன் ஊருக்கு செக்காரர்கள் ஏன் வேறு பெயர் வைத்தார்கள்?

வேர்ச்சொல்:
அவர்கள் வைக்கவில்லை, பழையதை விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆயிரம் வருடம் முன்பு அது சொர்பியர் என்ற ஸ்லாவ் மக்களின் பகுதி. 'லிப்பா' என்றால் லிண்டன் மரம். லிப்ஸ்க், லிண்டன் மரத்து ஊர். போலந்தில் இன்றும் லிப்ஸ்க்தான். ஜெர்மன் வாயில் பழைய நெடில் 'ஈ' பிற்பாடு 'ஐ' ஆனது. 'என்னுடைய' என்பதற்கான 'மீன்' இன்று 'மைன்'. அதே வழியில் இதுவும் லைப் ஆயிற்று.

ஆனால் ஒரு சிக்கல். 1015-இல் மைசன் நகரின் ஆயர் (பிஷப்) இந்த ஊரில் இறந்ததைத் தன் வரலாற்று ஏட்டில் குறிக்கும்போது மெர்செபர்க் ஆயர் தீட்மார் 'லிப்ஸி' என்கிறார். அந்த 'ப்' எந்த ப்? 'பம்பரம்' சொல்லிப் பாருங்கள். மரத்துக்கு முதல் ப-வின் ஒலி வேண்டும்; ஏட்டில் இருப்பதோ நடு ப. அதனால் பெயர் மரத்தைவிடப் பழையது, மரம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு. நான் மரத்தின் கட்சி. அந்தக் கால ஜெர்மன் எழுத்தர்கள் இந்த ரெண்டு ஒலியையும் குழப்புவது சகஜம்.

தரங்கை பேரன்:
தம்பி, எங்கள் ஆச்சிக்கு அது 'லீப்சிக்'. லுத்தரன் குடும்பம், லீப்சிக் மிஷன் என்றுதான் பேச்சு. மிஷன் 1836-இல் டிரெஸ்டனில் தொடங்கி 1848-இல் அங்கே மாறியது. அதன் இயக்குநர் கார்ல் கிரவுல் 1856-இல் குறளை ஜெர்மனில் அச்சிட்டதும் அதே ஊரில்தான். அப்படியானால் ஆச்சி சொன்ன நெடில்தான் பழசா?

வேர்ச்சொல்:
தற்செயல்தான் ஐயா, ஆனால் ஆச்சிக்கே மதிப்பெண்!

ஊர்சுற்றி:
அட! அந்தப் பாட்டி வாசலில் நின்ற மரத்தைக் காட்டி 'லீப்பா, லீப்பா' என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நான் எங்கே கேட்டேன்? டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்குமா என்றுதான் விசாரித்துக்கொண்டிருந்தேன்.